ஏழாவது வால்வும் ரோமாபுரியும்

ஒருவரைப் பற்றி எழுத முனையும்போது, அவர் அமர்ந்திருந்த கோலம் ஒன்றாவது மனத்தில் தோன்ற வேண்டும். இவரைப் பொறுத்தவரை எனக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் அவர் நின்றதைக் கண்டிருக்கிறேன். நடந்ததை, மிதிவண்டியை உருட்டியதை, குனிந்து இரும்பு மூடியைப் பெயர்த்ததைக் கண்டிருக்கிறேன். அமர்ந்தார் என்று சொல்ல ஒரு சான்றும் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பியை வாசற்படியில் நின்றபடியே வாங்கிக்கொள்வார். பாதி குடிப்பதற்குள் இடக்கை மணிக்கட்டின் உட்புறம் கட்டியிருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பார். மீதிக் காப்பி டம்ளரில் இருக்கும். அவர் தெருமுனையில் இருப்பார்.

முதலியார்பேட்டையில் எங்கள் பகுதிக்குக் குடிநீர் திறந்துவிடும் பணி அவருடையது. ஒவ்வொரு தெருமுனையிலும் தரைக்கடியில் ஒரு வால்வு உண்டு, மொத்தம் ஏழு. அவற்றைத் திருகுவதற்கு நெஞ்சுயரத்தில் ஓர் இரும்புச் சாவி வைத்திருந்தார். மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே சதுரக் குழி. அதை மிதிவண்டியின் தண்டோடு சணல் கயிற்றால் கட்டியிருப்பார். காலை ஐந்தரைக்கு முதல் வால்வு. சரியாக நாற்பது நிமிடம். அதை மூடிவிட்டு அடுத்தது. அதற்கும் நாற்பது நிமிடம். முப்பத்தொன்பது ஆனதில்லை, நாற்பத்தொன்று ஆனதில்லை. கலியாண வீடோ கருமாதி வீடோ, அவருடைய கடிகாரத்துக்கு எல்லா வீடும் ஒரே வீடு.

அவரைத் தெருவார் ரோமாபுரி என்றே அழைத்தனர். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவர் வருத்தப்பட்டதில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அங்கே ஏதோ ஓர் ஆண்டில் முதலாவதாகத் தேறியதற்குப் பரிசாக ரோமாபுரி வரலாற்றைச் சொல்லும் பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அட்டை போய், நூல் பிரிந்து, கோணி ஊசியால் மறுபடி தைக்கப்பட்ட அந்தப் புத்தகம் ஒன்றைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் படித்தார் என்று நினைக்கிறேன். நானோ எட்டாம் வகுப்போடு நின்று பஞ்சாலையில் தறி ஓட்டியவன். சங்கக் கிளையில் பதினோரு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். வாசகசாலையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து, மேடையில் நின்று மக்களாட்சி, சமத்துவம் என்றெல்லாம் பேசி வந்தேன். ஆகவே அவர் என்னைத் தலைவரே என்பார். நான் அவரை, பிரெஞ்சுப் படிப்பைக் குத்திக்காட்டும் பொருட்டு, பிரெஞ்சுக்காரர் ஐயா என்பதற்குச் சொல்லும் சொல்லால் மிசியே என்பேன். இரண்டிலும் கேலி இருந்தது. இரண்டிலும் மரியாதையும் இருந்தது.

எந்தச் செய்தியை எடுத்தாலும் அவர் ரோமாபுரிக்குக் கொண்டு போய்விடுவார். சில சமயம் அது அலுப்பாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெருவிளக்கு எரியவில்லையென்றால் ரோமாபுரி. ரேஷன் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து டீக்கடையில் நின்றால் ரோமாபுரி. ஊர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு மறைவான மகிழ்ச்சி உண்டோ என்று நான் ஐயுற்றதும் உண்டு. ஆனால் அவர் சொல்வதில் எப்போதும் ஒரு முள் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது குத்தியிருப்பது தெரியும்.

ஒருமுறை, ரோமாபுரியைக் காட்டுமிராண்டிக் கூட்டம் படையெடுத்து அழித்தது என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் சாவியை மண்ணில் ஊன்றிக்கொண்டு மறுத்தார். அந்த நகரத்துக்கு மலையிலிருந்து கற்கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்களாம். அந்தத் தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி ஒருவர் கணக்குப் பார்த்திருக்கிறார். மலையில் புறப்பட்ட தண்ணீர் ஊருக்குள் வந்து சேரவில்லை. தோண்டிப் பார்த்தால் வழியெங்கும் துளைகள். பெரிய மனிதர்கள் தங்கள் தோட்டத்துக்கும் குளியல் மண்டபத்துக்கும் திருட்டுக் குழாய் இறக்கியிருந்தார்கள். தண்ணீர் ஊழியர்களே அதற்குக் கூலி வாங்கியிருந்தார்கள்.

“பகைவன் வந்து கால்வாய உடைச்சான், அது நெசம்தான். ஆனா அவன் வர்றதுக்கு முன்னூறு நானூறு வருசம் முன்னாலயே ஓட்ட வுழுந்துடுச்சு, தலைவரே. பெரிய ஓட்டைன்னா ஊரே கூடி அடைச்சிடும். சின்ன ஓட்டைய எவன் பாக்கறான்?”

பிரெஞ்சுப் பள்ளியின் சுவரில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மூன்று சொற்கள் எழுதியிருந்ததாகவும், அந்த மூன்றில் நடுவில் இருப்பது மட்டும்தான் தன்னுடைய இலாகா என்றும் சொல்வார். ஆரம்பமும் முடிவும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாற்பது நிமிடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார்.

அந்த நடுச்சொல்லுக்கு அவர் வீட்டில் மதிப்பு அவ்வளவாக இல்லை. ஏழாவது வால்வு எங்கள் தெருவுக்கும், அதற்குப் பின்னால் இருந்த கடைசித் தெருவுக்கும் பொதுவானது. எங்கள் தெருவைக் கடந்துதான் தண்ணீர் அங்கே போக வேண்டும். அவர் குடியிருந்தது அந்தக் கடைசித் தெருவில். அங்கே தண்ணீரின் விசை குறைந்து, குழாய் மட்டத்துக்கு ஏறாது. ஆகையால் வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயைத் தாழ்த்தி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். அவர் மனைவி அந்தக் குழிக்குள் இறங்கி நின்றபடியே ஒருநாள் என்னிடம் சொன்னார்:

“ரோமாபுரியில ஊருக்கே தண்ணி வந்துச்சாம். எங்க வூட்டுக்குத்தான் வர்ல. இவரு மட்டும் ரெண்டு நிமிசம் கூட வுட்டா அந்த ராஜாங்கம் கவுந்துடுமா அண்ணே?”

கவிழ்ந்துவிடும் என்று கணவர் உறுதியாக நம்பினார். அந்த அம்மையார் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்; ஆனால் முப்பது ஆண்டுகளாக அந்தப் புத்தகத்தைக் காதால் கேட்டவர். அதே நாளில், கணவர் கற்கால்வாயின் பெருமையை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, குடத்தை இடுப்பில் ஏற்றியபடி, கல்லைச் சுமந்தது யார் என்று கேட்டார். அடிமைகள்தாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். “அத முதல்ல சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அம்மையார் உள்ளே போனார். மறுநாள் முதல் கணவர், ஏழாவது வால்வைத் திறந்த கையோடு வீட்டுக்கு ஓடிவந்து, குழிக்குள் அவரே இறங்கினார். நாற்பதாவது நிமிடத்தில் அவரே ஓடிப்போய் மூடினார். நரைத்த மனிதர் ஒருவர் குடத்துக்கும் கடிகாரத்துக்கும் இடையே இப்படி ஓடுவதைத் தெரு முதலில் வேடிக்கை பார்த்தது; பிறகு பழகிக்கொண்டது.

எங்கள் விவாதங்களில் நான் விட்டுக்கொடுத்தவன் அல்லன். ரோமாபுரியில் மக்களுக்கு என்ன உரிமை இருந்தது, நமக்கு வாக்குச்சீட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கேள்வி கேட்கச் சங்கம் இருக்கிறது என்று வாதிடுவேன். அங்கேயும் வாக்கு இருந்தது என்பார் அவர். மன்னர்கள் வந்த பிறகும் மூத்தோர் சபை கூடிக்கொண்டுதான் இருந்தது. பதவிகளின் பெயர் ஒன்றுகூட மாறவில்லை. உட்காரும் ஆசனமும் அணியும் அங்கியும் அப்படியே இருந்தன. முடிவெடுப்பது மட்டும் வேறோர் அறைக்குப் போய்விட்டது.

இலவசப் பொருட்கள் பற்றித் தேர்தல் வாக்குறுதிகள் பெருகிவந்த காலம் அது. அவர் அதைப் பழிப்பார் என்று எதிர்பார்த்து நான் பேச்சைத் தொடங்கினேன். அவர் பழிக்கவில்லை.

“ரோமாபுரியிலயும் கோதுமை சும்மாதான் குடுத்தாங்க. பசிக்கிறவனுக்குக் குடுக்கறது தப்பில்ல. கோதுமைய வாங்கினவன், கேள்வி கேக்கறத பதிலுக்குக் குடுத்துட்டு வந்துட்டான். அதான் தப்பு.”

விடியற்காலையில் ஏழைகள் செல்வர்களின் வாசலில் வரிசையாகப் போய் நின்று கும்பிடுவது அந்த நகரத்தின் வழக்கமாம். செல்வர் வெளியே வந்து ஆளுக்கொரு கூடை உணவு கொடுப்பாராம். கொடுத்ததை அவர் மறந்தாலும் வாங்கியவர் தேர்தலில் மறக்கக் கூடாதாம். சட்டப்படி கிடைக்க வேண்டியது தயவால் கிடைக்கத் தொடங்கினால், அன்றே அந்த அரசு முடிந்தது என்பது அவர் கட்சி. முடிந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்வார். விழுந்த நாளுக்கு மறுநாளும் ரோமாபுரிக்காரன் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குத்தான் போனான்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு காலத்தில் மகிழ்ச்சியாக இருந்ததை நான் கண்டேன். புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்காதிருந்த நகராட்சித் தேர்தல் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் நடந்தது. கடற்கரையில் இருக்கும் நகராட்சி மாளிகையை எங்கள் தலைமுறை பிரெஞ்சு வழக்கப்படி மேரி என்றே சொல்லும். அத்தனை ஆண்டுகள் அங்கே அதிகாரிகள்தாம் ஆண்டார்கள். தெருவுக்கு ஓர் உறுப்பினர் வேண்டும், அவரை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்போதுதான் ஓட்டை அடைபடும் என்று இவர் சொல்லிச் சொல்லி எங்கள் காது தேய்ந்திருந்தது. தேர்தலன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, விரலில் வைத்த மை காயும்வரை கையை உயர்த்திப் பிடித்தபடி அவர் நடந்து வந்தார். எங்கள் வார்டில் வென்றவர் என்னுடைய சங்கத்தில் வளர்ந்தவர். அவருக்காக நானும் வீடு வீடாகப் போயிருந்தேன். அவர் நல்லவர்தாம். அதை இப்போதும் சொல்வேன்.

மிசியே அந்த உறுப்பினருக்கென்று ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் பகுதியில் பல வீடுகளில் குழாயோடு நேரே மோட்டாரைப் பொருத்தியிருந்தார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் அதை ஓட்டினால், பக்கத்து வீட்டுக்கும் பின்தெருவுக்கும் போக வேண்டியதையும் சேர்த்து உறிஞ்சி மாடித் தொட்டிக்கு ஏற்றிவிடும். சட்டப்படி கூடாது. எல்லாரும் அறிந்திருந்தார்கள், எல்லாரும் மறைத்தார்கள். துணி துவைக்கும் கல்லின் அடியில், பூந்தொட்டி வரிசைக்குப் பின்னால், மரப்பெட்டிக்குள் மோட்டார்கள் முனகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீட்டின் முன்பும், குழாய் தெருவிலிருந்து பிரியும் இடத்தில், அவர் சாவியின் அடிமுனையை ஊன்றி, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பார். மருத்துவர் மார்பில் வைத்துக் கேட்பதைப் போன்றது அது. எந்த வீட்டுக் குழாய் இயல்பாக மூச்சு விடுகிறது, எது இழுக்கிறது என்பது இரும்பு வழியே தெரிந்துவிடும் என்பார். சாவியில் சாய்ந்து களைப்பாறுகிறார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

இரண்டு ஆண்டுகள் இப்படிக் கேட்டு எழுதிய கதவு எண்கள் அறுபத்து மூன்று. அவற்றைத் தெளிவான கையெழுத்தில் ஒரு முழுத்தாளில் எழுதி, புதிய உறுப்பினரிடம் கொடுத்தார். தண்ணீர் இலாகா வேறு, நகராட்சி வேறு என்பதை அவர் அறிவார். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்தவர் கையொப்பமிட்டு அனுப்பினால் இலாகா தட்ட முடியாது என்பது அவர் நம்பிக்கை. மோட்டார்கள் போனால் கடைசித் தெருவில் குழிகள் தேவைப்படா. அவர் பணியிலிருந்து ஓய்வுபெற இரண்டாண்டுகூட இல்லை. அதற்குள் தண்ணீர் அந்தத் தெருவின் கடைசி வீட்டு வாசலில் மட்டத்துக்கு ஏறி வர வேண்டும். அவர் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு விரும்பியதாக எனக்குத் தெரியவில்லை.

உறுப்பினர் அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

“அறுபத்து மூணு வூடு தோழரே. நாயன்மார் கணக்கு கரெக்டா இருக்கு, சப்பரத்துல ஏத்தி ஊர்வலமே வுட்டுடலாம். அத்தனையும் நம்ம ஓட்டு. முத மாசமே நான் போய் மோட்டாரப் புடுங்க முடியுமா? நீங்க சொன்னா ரோமாபுரி கேப்பாரு.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து அவர் திரும்பும் நேரத்துக்குக் கடைசித் தெருவுக்குப் போனேன். வாசலில் நின்று மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், யார் அனுப்பியது என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை என்றேன்.

“அப்ப உக்காருங்க தலைவரே. அனுப்பி வந்திருந்தா நின்னுக்கிட்டே பேசி முடிச்சிருப்போம்.”

மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் அமர்ந்தேன். அவர் நின்றார். காலம் பார்த்துச் செய்ய வேண்டும், தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஆறு மாதமாவது அவகாசம் தர வேண்டும், மக்களைப் பகைத்துக்கொண்டு மக்களாட்சி நடத்த முடியாது என்று, மேடையில் பேசிப் பழகிய சொற்களையெல்லாம் வரிசையாக வைத்தேன். அவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடியே கேட்டார். நான் முடித்ததும் உள்ளே போய்ப் பட்டியலின் நகலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண்கள் ஓடின. எங்கள் தெருவுக்கு வந்ததும் என் குரல் தானாகவே தணிந்தது. பத்தொன்பது, இருபத்திரண்டு. அடுத்தது இருபத்தேழு. என் வீடு.

என் மகன் அதைப் பொருத்தி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. என் மனைவிக்கு முழங்கால் வலி. குடம் தூக்க முடியவில்லை. காரணம் உண்மையானதுதான். ஆனால் அறுபத்து மூன்று வீடுகளிலும் உண்மையான காரணம் ஒன்று இருந்திருக்கும் என்பதை நான் அந்த நாற்காலியில் வைத்துத்தான் உணர்ந்தேன்.

“நம்பர் சரியா இருக்கா பாருங்க. தப்பா எழுதியிருந்தா அடிச்சிடறேன்” என்றார் அவர்.

“சரிதான்.”

“அப்ப மேல படிங்க.”

நான் முழுவதையும் படித்து முடித்தேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். போட்ட வாரமே தெரியும் என்றார். தெரிந்துமா என் வீட்டு வாசலில் நின்று காப்பி குடித்தீர்கள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று, குற்றவாளி நானாக இருந்தும் கோபத்தோடு கேட்டேன்.

“சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்க. என் மொகத்துக்காக எடுத்திருப்பீங்க. அது சிநேகிதம். சிநேகிதத்துல ஒரு மோட்டார் போவும், அறுபத்தி ரெண்டு நிக்கும். அதுக்கா எலக்சன் கேட்டோம்?”

பட்டியலைத் திரும்பப் பெற மாட்டார் என்பதை உறுப்பினரிடம் தெரிவித்தேன். என் வீடும் அதில் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

உறுப்பினர் ஒரு வழி கண்டார். அது நேர்மையான வழி என்பதை மறுக்க முடியாது. வார்டு மக்களைக் கூட்டி, பட்டியலை இலாகாவுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அவர்களையே கேட்டுவிடலாம் என்றார். அதைக் கேட்டு மிசியே எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. மக்களைக் கேட்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொன்னவர், கேட்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

கூட்டம் முதல் தெருவில் இருந்த கலியாண மண்டபத்தில், மாலை ஐந்து மணிக்கு நடந்தது. கடைசித் தெருவில் பாதிப்பேர் ஐந்து மணிக்கு வேலையிலிருந்து திரும்பியிருக்கமாட்டார்கள். மிசியேவுக்கும் அது தெரியும். ஆனாலும் நேரம் முன்னதாகவே அறிவிக்கப்பட்டது என்று சொல்லி விட்டுவிட்டார். பேசச் சொன்னபோது இரண்டு நிமிடம்தான் பேசினார். ரோமாபுரி என்ற சொல்லை அன்று அவர் பேச்சில் எடுக்கவே இல்லை. கடைசித் தெருவில் எத்தனை குழிகள் இருக்கின்றன என்பதை மட்டும் சொன்னார். பிறகு ஓர் அம்மாள் எழுந்து, மாடியில் குடியிருக்கும் தன் மாமியாருக்குப் பக்கவாதம், மோட்டாரை எடுத்தால் யார் தண்ணீர் சுமப்பது என்று கேட்டு அழுதார். மண்டபம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

கைகளை எண்ண வேண்டும். யாரை எண்ணச் சொல்வது என்று உறுப்பினர் சுற்றிப் பார்த்தார். ஒரே சமயத்தில் பல குரல்கள் ரோமாபுரியையே எண்ணச் சொல்லின. மோட்டார் வைத்திருந்தவர்களும் அதையே கேட்டார்கள். அவருடைய நாற்பது நிமிடத்தை அத்தனை ஆண்டுகள் அனுபவித்தவர்களுக்கு, அவர் எண்ணிக்கை பிசகாது என்பதில் ஐயமே இருக்கவில்லை.

எண்ணுகிறவன் கை தூக்கக் கூடாது என்று சொல்லித் தம் வாக்கை அவர் முதலிலேயே விட்டுக்கொடுத்தார். பிறகு தம்மையும் உறுப்பினரையும் விட்டுத் தலைகளை எண்ணினார். தொண்ணூற்றிரண்டு பேர். பட்டியலை அனுப்பலாம் என்பவர்கள் கை தூக்குமாறு கேட்டார். அவர் மனைவியின் கை முதலில் எழுந்தது. வரிசை வரிசையாக நடந்து எண்ணினார். அனுப்ப வேண்டாம் என்பவர்களைக் கேட்டார். மண்டபம் நிறையக் கைகள் எழுந்தன. அவற்றையும் நிதானமாக, எவர் கையும் விட்டுப் போகாமல், ஒரு கையையும் இரண்டு முறை சேர்க்காமல் எண்ணினார். என் வரிசையைக் கடந்தபோது என் மடியின் மீது கோத்திருந்த கைகளை ஒரு கணம் பார்த்தார்.

அவர் முதலில் கேட்டபோதும் என் கை எழவில்லை. இரண்டாவது முறை கேட்டபோதும் எழவில்லை. பட்டியலுக்கு எதிராகக் கை தூக்க எனக்கு வெட்கம். ஆதரவாகத் தூக்கினால், வீட்டில் மோட்டார் வைத்துக்கொண்டு தூக்குகிறான் என்று பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பார் என்ற பயம். இரண்டுக்கும் நடுவே ஓரிடம் இருக்கிறது, அங்கே யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று எண்ணினேன்.

அவர் மேடையருகே போய் நின்று முடிவை அறிவித்தார்.

“அனுப்பலாம்னு சொன்னவங்க பத்தொம்பது. வேணாம்னு சொன்னவங்க எழுவத்தி ரெண்டு. கை தூக்காதவங்க ஒருத்தர்.”

உறுப்பினர் சிரித்து, கடைசிக் கணக்கு தேவையில்லை, முதல் இரண்டு போதும் என்றார்.

“மூணும் சேந்தாத்தான் தொண்ணூத்தி ரெண்டு. ரோமாபுரி கவுந்ததுக்கு ஆயிரம் காரணம் எழுதி வெச்சிருக்கான். இந்த மூணாவது கணக்க மட்டும் எவனும் எழுதல.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மண்டபத்தில் யாருக்கும் அது யார் என்று தெரியாது. பட்டியலை நான்காக மடித்து, மக்கள் முடிவின்படி நடந்துகொள்ளுமாறு சொல்லி உறுப்பினரிடம் கொடுத்தார். அவர் முகத்தில் தோல்வியைத் தேடினேன். எண்ணிக்கை சரியாக இருந்ததா என்று மனத்துக்குள் மீண்டும் கூட்டிப் பார்க்கும் ஒருவரின் முகமாகவே அது இருந்தது. மறுநாள் ஏழாவது வால்வு உரிய நேரத்தில் திறந்தது. நாற்பது நிமிடத்தில் மூடியது. எழுபத்திரண்டு பேருக்கும் பத்தொன்பது பேருக்கும் ஒரே அளவு. எங்கள் வீட்டுத் துவைகல்லின் அடியில் மோட்டார் முனகியது. அந்த நாற்பது நிமிடமும் நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மூன்று மாதத்தில் அவரை ஆற்றுக்கு அப்பால் அரியாங்குப்பம் பக்கம் மாற்றினார்கள். யார் சொல்லி மாற்றினார்கள் என்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லாமலும் மாற்றியிருக்கலாம். வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டார். எங்கள் பகுதிக்கு வந்த புதியவர் நல்ல சுபாவம் உள்ளவர். கேட்டவர்களுக்குக் கேட்ட நேரம் விட்டார்.

அவர் போன பிறகு, ஒரு காலையில் நானே கருவி எடுத்து மோட்டாரைக் கழற்றினேன். மகன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மனைவிக்குக் குடம் தூக்க ஆள் இல்லை; ஆகவே நான் தூக்கினேன். இடுப்பு வலித்தது. வலி ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் போதாமல், ஒரு மாதம் கழித்துப் பேருந்தேறி ஆற்றுப் பாலத்தைக் கடந்து அரியாங்குப்பம் போனேன். அவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை.

விசாரித்துக்கொண்டு போனபோது, ஒரு தெருமுனையில் மூடியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் தலைவரே என்று அழைத்து, மனைவியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். நான் மோட்டாரைக் கழற்றிவிட்ட செய்தியைச் சொன்னேன். சாவியைத் திருகியபடியே கேட்டுக்கொண்டார்.

“எப்ப எடுத்தீங்க?”

“போன மாசம்.”

“கூட்டத்துக்கு அப்புறம்.”

“ஆமாம், மிசியே.”

அவர் சாவியை உருவி எடுத்து, மூடியைக் காலால் தள்ளிப் பொருத்தினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சினம் இல்லை. என் மீது அவருக்கிருந்த அன்பில் ஏதும் குறைந்ததாகவும் தெரியவில்லை.

“எடுத்தது நல்லது. ஆனா அது அந்தக் கணக்குல சேராதுங்க, தலைவரே.”

சொல்லிவிட்டு மிதிவண்டியை உருட்டிக்கொண்டு போனார். திரும்பிச் செல்லும் பேருந்து வர நெடுநேரமாயிற்று. நிழற்குடையில் இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. நான் நின்றுகொண்டே இருந்தேன்.